மோதலைத் தாங்கும் யூரித்தேன் பம்பர்

கட்டட வேலை நடக்குமிடத்தில் ஒருவர் எறியும் செங்கல்லை மற்றொருவர் கையில் ஏந்துவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். பழகிய கை, கல் வந்து பட்டவுடன் அதனோடு சேர்ந்து சற்றுப் பின்னால் செல்கிறது. பழகாத கையோ விறைத்து நின்று காயமடைகிறது. கல்லும் ஒன்றே, வேகமும் ஒன்றே. அதை நிறுத்துவதற்கு எடுத்துக்கொண்ட தொலைவில்தான் வேறுபாடு இருக்கிறது. யந்திரத் தொழிலில் பம்பர் எனப்படும் மோதல்தாங்கியின் தத்துவம் முழுவதும் இதனுள் அடங்கியுள்ளது.

இதனைச் சிறு கணக்கால் விளக்குவோம். 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி ஒன்று, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்டவாளத்தின் கோடியிலுள்ள தடையின்மீது மோதுவதாகக் கொள்வோம். இது ஒரு மனிதர் மெதுவாக நடக்கும் வேகமே. அவ்வண்டியின் இயக்க ஆற்றல் 500 ஜூல் ஆகும். தடை 5 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கினால், சராசரியாக ஏறக்குறைய 10 டன் பளுவுக்கு ஒப்பான விசை வண்டியையும் தடையையும் தாக்கும். அதே தடை 50 மில்லிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் விசை 1 டன்னாகக் குறைந்துவிடும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

முற்காலத்தில் இவ்வேலைக்கு மரக்கட்டை, தோல், எஃகுச் சுருள், ரப்பர் ஆகியவை பயன்பட்டன. எஃகுச் சுருள் தான் வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பி உதைத்துவிடும். யூரித்தேனோ அமுங்கி மீளும்போது ஒரு பகுதியை வெப்பமாக மாற்றித் தன்னுள் கரைத்துக்கொள்ளும். மேலும் அது சாதாரண ரப்பரைவிடத் தேய்மானத்தையும் கிழிவையும் நன்கு தாங்கும். பாலியூரித்தேன் எனும் இப்பொருளின் வேதியியலுக்கு 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஆட்டோ பேயர் என்னும் விஞ்ஞானியும் அவர் துணைவர்களும் வித்திட்டனர்.

இனி, இது செய்யப்படும் முறையைக் காண்போம். பாலியால் என்னும் திரவமும் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருளும் முதலில் ஒன்று சேர்க்கப்படுகின்றன. கெட்டியான தேன் போன்ற இக்கலவையைச் சூடாக்கி, வெற்றிடத்தில் வைத்து, அதனுள் அடைபட்ட காற்றை நீக்குவர். பிறகு உறையச் செய்யும் மற்றொரு பொருளைச் சரியான அளவில் கலந்து, ஏறக்குறைய 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலுள்ள அச்சில் ஊற்றுவர். இரும்புத் தகட்டுடன் கூடிய பம்பர் தேவையாயின், தகட்டை மணல் வீச்சினால் சொரசொரப்பாக்கி, ஒட்டுப்பசை பூசி, முன்னதாகவே அச்சினுள் வைத்துவிடுவர். உறைந்த பொருளை அச்சிலிருந்து எடுத்த பின்னும் பல மணி நேரம் சூட்டடுப்பில் வைத்துப் பதப்படுத்துவர். இந்தக் கடைசிப் பக்குவத்தில் அவசரப்பட்டால் பொருளின் வலு குறையும். தயிர் மீண்டும் பாலாகாதது போல, இவ்வாறு உறைந்த யூரித்தேனை உருக்கி மறுபடியும் வார்க்க இயலாது.

வேலையில் ஈரம் புகலாகாது. ஈரம் ஐசோசயனேட்டுடன் சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகிக் குமிழிகள் தோன்றும். கெட்டிப் பம்பரில் இது குறை. ஆனால் இக்குமிழிகளையே அளவோடு, ஒரே சீராக உண்டாக்கினால் நுண்ணறைப் பம்பர் கிடைக்கிறது. கெட்டி யூரித்தேன் அமுங்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடமில்லையேல் அமுங்காது. நுண்ணறைப் பம்பரோ தன் உயரத்தில் பெரும்பகுதி அமுங்கியும் பக்கங்களில் சிறிதே விரியும். ஆலைகளில் மேலே ஓடும் கிரேன்களின் கோடிகளிலும், குறைந்த வேக மின்தூக்கிகளின் அடிக்குழிகளிலும், மோட்டார் வாகனங்களின் சுருள்வில் அருகிலும் இதனைக் காணலாம். கெட்டிப் பம்பர், கடத்துபட்டைகளின் தடைகளிலும் காற்றழுத்த யந்திரங்களின் வீச்சுக் கோடிகளிலும் பயன்படுகிறது.

நெசவாளருக்கும் இது அயலான பொருளன்று. நாடா ஓடும் விசைத்தறியில், நாடாவை உந்தும் கோல் தன் வீச்சின் முடிவில் ஒரு சிறு பம்பரில் மோதி நிற்கிறது. நிமிடத்துக்கு 120 முறை நாடா ஓடும் தறியில் ஒவ்வொரு பக்கத்துப் பம்பரும் 60 அடி வாங்கும். 8 மணி நேரத்தில் அது 28,800 அடியாகும்.

நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு விசைத்தறிச் சங்கத்தில், பம்பர் விரைவில் தேய்கிறதென்று கருதி, மிகக் கடினமான வகையை வாங்கியிருந்தனர். பம்பர்ச் செலவு குறைந்ததெனச் செயலாளர் மகிழ்ச்சியுடன் கூறினார். அவர் கூறியது பொய்யன்று. ஆயினும் இருப்புப் பதிவேட்டின் அடுத்த பக்கங்களைப் புரட்டியபோது, கோல்களும் பிக்கர்களும் முன்னிலும் அதிகமாக வாங்கப்பட்டிருந்தது தெரிந்தது. பம்பர் தாங்க மறுத்த அடியைக் கோல் தாங்கி முறிந்துகொண்டிருந்தது. கோல் முறிந்த தறி நின்றது. நின்ற நேரத்துக்குரிய கூலி நெசவாளருக்கு இல்லாமற் போயிற்று. சங்கத்தின் கணக்கில் இந்நஷ்டத்துக்குத் தலைப்பே இல்லை. பழைய கடினத்துக்கே திரும்பிய பின்னர்தான் கோல் முறிவு குறைந்தது.

கடினம் ஷோர் ஏ என்னும் அளவையால் குறிக்கப்படுகிறது. எண் உயர உயரக் கடினம் மிகும். அது பொருளின் தரத்தைக் காட்டும் எண்ணன்று. மென்மை மிகுந்தாலும் தீங்கே. பம்பர் முழுவதும் அமுங்கி, இரும்பும் இரும்பும் மோத நேரிடும்.

யூரித்தேனுக்கும் குறைகள் உண்டு. தன்னுள் உண்டாகும் வெப்பத்தை அது எளிதில் வெளிவிடாது. ஓயாமல் அடி வாங்கும் கனத்த பம்பர், மேலே நன்றாகத் தோன்றினும் உள்ளே வெந்து கெடக்கூடும். 80 டிகிரிக்கு மேற்பட்ட தொடர்ந்த வெப்பம் பெரும்பாலான வகைகளுக்கு ஆகாது. இதன் இரு பெரும் பிரிவுகளுள் பாலியெஸ்டர் வகை எண்ணெயையும் தேய்மானத்தையும் நன்கு தாங்கும். வெந்நீரும் நீராவியும் அதனைச் சிதைக்கும். பாலியீதர் வகை நீரைத் தாங்கும். எண்ணெயில் சற்றுப் பின்தங்கும். ஆகவே எண்ணெய் சொட்டும் தறிக்கு முன்னதும், ஆவி சூழ்ந்த சாயப்பட்டறைக்குப் பின்னதும் பொருந்தும்.

இதனைக் குடிசைத் தொழிலாகத் தொடங்கலாமோ என எண்ணும் உறுப்பினருக்கு ஓர் எச்சரிக்கை. ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழலைத் தாக்கி ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர் மிகச் சிறிய அளவும் ஆபத்தாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்டு முதல், பயிற்சி பெறாதவர் இப்பொருளைத் தொழிலில் கையாளத் தடை உள்ளது. தக்க காற்றோட்டமும் பாதுகாப்பும் இல்லாத கொட்டகையில் இவ்வேலை கூடாது. முற்றும் உறைந்த பம்பரைக் கையாளுவதில் இத்தீங்கு இல்லை. ஆனால் தேய்ந்த துண்டுகளைக் கொதிகலன் அடுப்பில் போடலாகாது. எரியும்போது சயனைடு நச்சுவாயு வெளிப்படும்.

ஆகவே பம்பர் வாங்கும் குழுவினர் விலைப்பட்டியலைக் கேட்குமுன், ஐந்து செய்திகளை எழுதிக் கொடுக்க வேண்டும். மோதும் பொருளின் எடை, அதன் வேகம், நிமிடத்துக்கு எத்தனை அடி, அமுங்குவதற்குள்ள இடம், சூழ்ந்துள்ள எண்ணெய், நீர், வெப்பம் ஆகியவையே அவை. இவற்றைக் கேளாமல் விலை மட்டும் கூறும் வியாபாரியிடம் அவசரப்பட்டு வாங்குதல் நன்றன்று. பம்பர் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. அது தேய்ந்து கோலையும் தறியையும் நெசவாளரின் கூலியையும் காக்குமாயின், அச்செலவை வீண்செலவு எனக் கணக்கெழுதுதல் தகாது.