நகர நடுவே ஒரு கூட்டுறவுப் பண்ணை



பயிர்த்தொழில் என்றவுடன் நம் மனம் கிராமத்தை நோக்கிச் செல்வது இயல்பு. ஆயின், அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே கீரையும் கிழங்கும் விளைவித்து, விளைந்த இடத்திலேயே விற்று, வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் சங்கமொன்றைப் பற்றி இம்மாதப் பாடத்தில் காண்போம். கியூபா நாட்டின் தலைநகராகிய ஹவானாவின் கிழக்கே, அலமார் என்னும் குடியிருப்பில், 1997-ம் ஆண்டு அது தொடங்கப்பெற்றது.

அது தோன்றிய காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். கியூபா நெடுங்காலம் கரும்பையே பெரும்பயிராகக் கொண்டிருந்தது. சர்க்கரையைச் சோவியத் யூனியனுக்கு விற்று, எண்ணெய், உரம், தானியம் முதலியவற்றைப் பெற்று வந்தது. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. அமெரிக்க வர்த்தகத் தடையோ 1960-களிலிருந்தே இருந்து வந்தது. டிராக்டர்கள் நின்றன; காளைகளை மீண்டும் ஏரில் பூட்டினர். கிராமத்தில் விளைந்த சிறிதளவும் நகரம் வந்து சேரவில்லை. லாரிக்கு எண்ணெய் ஏது? மக்கள் உண்ட உணவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பர். 1991 முதல் 1993 வரை 50,000-க்கும் மேற்பட்டோருக்குக் கண்பார்வை மங்கியது, அல்லது கைகால் நரம்புகள் தளர்ந்தன. உணவில் பி வைட்டமின்கள் குறைந்தது இதற்கு ஒரு முக்கிய காரணம் என மருத்துவர் கண்டனர். அடுப்பங்கரையின் வறுமை கண்ணொளியையே பறித்த கதை இது.

ஆகவே நகரத்தார் காலி மனைகளை நாடினர். அவற்றில் பல கட்டட இடிபாடு நிறைந்தவை, ஏர் இறங்காதவை. அதற்கு ஒரு வழி கண்டனர். கல், சிமெண்டுப் பலகை, பழைய ஓடு என அகப்பட்டதைக் கொண்டு தரைமேல் தாழ்ந்த சுவர் எழுப்பி, உள்ளே மட்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பினர். பாத்தியின் அகலம் சுமார் 4 அடி. இருபுறமும் நின்று கை நீட்டினால் நடுவை எட்டலாம். எவரும் பாத்தியை மிதிக்க வேண்டுவதில்லை. முன்பு ரசாயனக் கரைசலில் பயிர் வளர்த்த தொட்டிகள் சிலவற்றிலும், மருந்து வராது போகவே, எருவை நிரப்பினராம்.

1993 செப்டம்பரில் அரசாங்கப் பெரும்பண்ணைகளைப் பிரித்துக் கூட்டுறவு உற்பத்திச் சங்கங்களாக்க ஆணை பிறந்தது. நிலம் அரசினுடையதே, வாடகையின்றிக் காலவரம்பின்றி அனுபவிக்கும் உரிமை மட்டும் சங்கத்திற்கு உண்டு. நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ இயலாது. விளைபொருள் சங்கத்தின் உடைமை. அலமார் சங்கம் இம்முறையில் அமைந்ததே. ஐவரோடு தொடங்கிய அதன் அங்கத்தினர் தொகை பின்னர் 150-ஐக் கடந்தது. நிலமும் ஏறத்தாழ 25 ஏக்கராக விரிந்தது. சேர்ந்தவர் யாவரும் உழவர் அல்லர்; வேறு தொழில் பார்த்து ஓய்வு பெற்றோரும் அவர்களுள் இருந்தனர்.

அந்நகரத்துக் குடும்பமொன்று, பாட்டியும் தாயும் பள்ளிச் சிறுவனுமாக, ஒரு காலைப்பொழுதில் அங்குச் செல்வதாகக் கொள்வோம். காரட், பீட்ரூட், வெங்காயத்தாள், லெட்டூஸ் கீரை ஆகியவற்றின் பாத்திகளைக் கடக்கையில், ஓரங்களில் செண்டுமல்லி பூத்திருக்கக் காண்கிறான் சிறுவன்.

"இந்தப் பூவை யார் வாங்குவார்கள், பாட்டி?"

ஒருவரும் வாங்குவதற்கன்று. செண்டுமல்லி, மக்காச்சோளம், சோளம் ஆகியவற்றை விளிம்பில் நடுவது, பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகள் தங்குவதற்காக. அவை அசுவினி முதலியவற்றைத் தின்றுவிடும். நம் நாட்டு வேம்பும் அத்தீவில் 1990-களில் பெருவாரியாக நடப்பட்டது. அதன் விதையை இடித்து ஊறவைத்த நீரைப் பயிர்மேல் தெளிப்பர். இதைக் கேட்கும் நம்மூர்ப் பாட்டிமார் நகைப்பர் என்பதில் ஐயமில்லை. அடுத்து, மாட்டுச் சாணத்தில் மண்புழு வளர்க்கும் தொட்டிகள். உரக்கப்பல் வராத நாட்டிற்கு அப்புழுவே உரத் தொழிற்சாலை ஆயிற்று.

வெளியே வரும் வழியில் சங்கத்தின் விற்பனைச் சாவடி உள்ளது. காலையில் அறுத்த கீரை அங்கே கிடைக்கிறது. ஏற்றுகூலி இல்லை, தரகு இல்லை. வாடி வீணாவதும் குறைவு. தாம் நெய்த புடவையைத் தம் சங்கத்தின் கடையிலேயே விற்போருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. இப்பாத்திகள் காய்கறிப் பஞ்சத்தைத் தணித்தன. தானியப் பஞ்சத்தைத் தணிக்கவில்லை. நெல்லும் கோதுமையும் நாலடிப் பாத்தியில் விளைந்து ஒரு நகரை ஊட்டா. கியூபா இன்றும் தன் உணவின் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்தே தருவிக்கிறது. 2020-க்குப் பின் அங்கு மீண்டும் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. அக்குடும்பத்தின் பையில் உள்ள கீரை அன்று காலை அறுத்தது; அதனுடன் உண்ணும் அரிசியோ பெரும்பாலும் கப்பலில் வந்ததாகவே இருக்கும்.