கணிப்பொறிப் பாடம்: கட்டளை வரியில் புதுவரிக் குறி

சி மொழியில் புரோகிராம் எழுதும் வாசகர்களுக்கு பேக்ஸ்லாஷும் ஆங்கில ‘என்’ எழுத்தும் சேர்ந்த புதுவரிக் குறி நன்கு பழக்கம். பிரிண்ட்எஃப் ஆணையில் மேற்கோளுக்குள் போட்டால் அடுத்த வரிக்குப் போகிறது. அதே குறியைக் கட்டளை வரியில் கொடுத்தால்? பொங்கல் விழா அழைப்பை அச்சிட ஒரு புரோகிராம் என்று வையுங்கள். விழாவின் பெயர், புதுவரிக் குறி, ‘மாலை 6 மணி’ என்று தட்டினால், குறியும் சேர்ந்தே ஒரே வரியில் அச்சாகிறது.

குறியை மாற்றுவது பிரிண்ட்எஃப் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கம்பைலர்தான். மேற்கோளுக்குள் அந்த இரண்டு எழுத்துகளைக் கண்டதும் 10 என்ற ஒற்றை எண்ணை வைத்துவிடுகிறது. ஆஸ்கி அட்டவணையில் அதுவே புதுவரி. புரோகிராம் ஓடும்போது கம்பைலர் அங்கே இல்லை. ஆகவே கட்டளை வரியில் வந்தது 92, 110 என்று இரண்டு எழுத்துகளாகவே கிடக்கும். (மேற்கோள் இல்லாமல் தட்டினால் யூனிக்ஸ் ஷெல் பேக்ஸ்லாஷையே விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் தட்டுங்கள்.)

வந்த வாசகத்தை அப்படியே பிரிண்ட்எஃப்பின் முதல் இடத்தில் கொடுக்கிறவர்களும் உண்டு. புதுவரி வராது; வாசகத்தில் சதவீதக் குறி இருந்தால் ஆபத்துதான் வரும்.

மாற்றும் வேலையை நாமே செய்ய வேண்டும். எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பேக்ஸ்லாஷ் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். ‘என்’ என்றால் 10 எழுதி இரண்டையும் தாண்டுங்கள். இன்னொரு பேக்ஸ்லாஷ் என்றால் ஒன்றை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவானாலும், வாசகமே முடிந்துவிட்டாலும், உள்ளபடி விடுங்கள். கடைசியில் பூஜ்யம் வைக்க மறக்காதீர்கள். விடை மூலத்தைவிட நீளாது என்பதால் அதே இடத்திலேயே எழுதலாம்.

இரட்டை பேக்ஸ்லாஷ் எதற்கு? விண்டோஸில் ‘நியூஸ்’ என்ற ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துப் பாருங்கள். அதிலும் பேக்ஸ்லாஷை அடுத்து ‘என்’ வருகிறதே!

பைதானில் ‘யூனிகோட் எஸ்கேப்’ என்றொரு குறுக்குவழி உண்டு. வாசகத்தை யூடிஎஃப்-8 பைட்டுகளாக்கி, இதன் வழியே திரும்பப் படிப்பார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. நமக்கு ஆகாது. ‘அ’ என்ற ஓரெழுத்துக்கு 3 பைட்டுகள். இந்த வழி ஒவ்வொரு பைட்டையும் தனி லத்தீன் எழுத்தாகப் படிக்கும். வரி உடையும், கூடவே தமிழும் உடையும். ரிப்ளேஸ் ஆணையால் புதுவரிக் குறியை மட்டும் மாற்றினால் தமிழுக்குச் சேதமில்லை; ஃபோல்டர் பாதையும் வரக்கூடுமானால் மேலே சொன்ன முறையையே பைதானிலும் எழுதுங்கள்.

பயிற்சி: டேப் குறியையும் சேர்த்துப் பாருங்கள். அதன் எண் 9.