பாடம் 6: உறங்கும் கிழங்கும் உரப்பையும்

புதிய வீட்டின் சாவி கைக்கு வந்ததும் பலர் எங்களிடம் முதலில் கேட்பது தண்ணீரையும் கரண்டையும் பற்றித்தான். அடுத்த கேள்வி, "வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் வெட்டி ஏதாவது நடலாமா?" என்பது. இந்தப் பாடம் அந்த இரண்டாவது கேள்விக்கான பதில். பதிலின் முதல் பகுதி உங்களுக்குப் பிடிக்காது: வெட்ட வேண்டாம்.

2016 மே 17ஆம் திகதியை கேகாலை மாவட்டத்தில் மறந்தவர்கள் இல்லை. அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாளில்தான் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயத்தின் மீது மண் விழுந்தது. உங்களில் பலர் அந்த நாளாலோ, அதற்குப் பிறகு வந்த ஒரு மழையாலோதான் இடம் மாறி வந்திருக்கிறீர்கள். ஆனால் புதிய காணியும் சரிவில்தான் இருக்கிறது. வீடு கட்டுவதற்காக மலைப்பக்கம் மண் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மண்சுவரின் அடியை இன்னும் ஒரு முழம் வெட்டினால் அதற்கு மேலே இருப்பதைத் தாங்க ஒன்றும் மிஞ்சாது. 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு, மலசலகூடம், வாய்க்கால், நடைபாதை எல்லாம் போனால் மீதி எவ்வளவு என்று நீங்களே அடியால் அளந்து பார்த்திருப்பீர்கள்.

ஆகவே நிலத்தை விட்டுவிட்டு, காலியான உரப்பையை எடுப்போம்.

பையில் எதையும் நடலாம். ஆனால் முதல் வருடத்துக்கு மஞ்சளும் இஞ்சியும் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிழங்கு தன் சாப்பாட்டைத் தன்னுடனேயே கட்டிக்கொண்டு வரும். மண் சரியில்லாத புதிய இடத்திலும் முதல் சில வாரங்களை அது தன் கையிருப்பிலேயே ஓட்டிவிடும். நடப்படாத மாதங்களில் செத்துப்போகாது, உறங்கும்.

அந்த உறக்கம்தான் இந்தப் பாடத்தின் முக்கியமான விஷயம். குளிர் நாடுகளில் செப்டெம்பர், ஒக்டோபரில் டூலிப் பூவின் கிழங்கைத் தொட்டியில் புதைப்பார்கள். அது பனிக்காலம் முழுவதும் குளிரில் கிடந்து, வெயில் திரும்பும் ஏப்ரல் அளவில் பூக்கும். மூன்று மாதமாவது குளிர் படாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. வெளிநாட்டிலிருந்து யாராவது அந்தக் கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்தால், இரத்தினபுரிப் புழுக்கத்தில் பூவை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். நம் ஊர்க் கிழங்குக்கு மணி அடிப்பது மழை. மார்கழியில் மஞ்சள் இலை பழுத்துச் சாயும். தை, மாசியில் மழை குறையும்போது கிழங்கு உறங்கும். பங்குனிக் கடைசியில், சித்திரையில், பின்னேரங்களில் இடி இடித்து மழை பெய்யத் தொடங்கும்போது அதன் முளை கண் திறக்கும். நடவேண்டியது அப்போதுதான்.

இதை நாங்களே ஒருமுறை பிழையாகச் செய்தோம். ஒரு வருடம், கணக்கு முடிப்பதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒக்டோபரில் விதைக் கிழங்கு கொடுத்தோம். அந்த நேரத்தில் சந்தையில் கிடைத்தது பாதி முற்றாதது, மீதி சென்ற வருடத்துச் சுருங்கல். ஐப்பசி மழையில் இஞ்சி அழுகியது. முளைத்த மஞ்சள் இரண்டு இலை விட்டுவிட்டு, மழை நின்றதும் மறுபடி படுத்துக்கொண்டது. ஓர் அக்கா பையைக் கவிழ்த்துக் காட்டி, "எங்க ஆச்சியிடம் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே, தம்பி" என்றார். கேட்காதது எங்கள் குறைதான். அதனால் இந்தக் கையேட்டில் மாதங்களைத் தமிழ்க் கணக்கிலும் எழுதியிருக்கிறேன்.

பை தயாரிப்பது

50 கிலோ உரப்பையை நன்றாகக் கழுவுங்கள். வாயை வெளிப்பக்கமாகச் சுருட்டி, ஓர் அடி உயரம் வரும்வரை மடியுங்கள். அடியிலும் பக்கங்களிலும் விரல் நுழையும் அளவில் பத்துப் பன்னிரண்டு துளைகள் போடுங்கள். மழை உள்ள நம் பக்கத்தில் துளையைக் குறைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தண்ணீர் இல்லாமல் கிழங்கு காய்வதைவிட, தண்ணீரில் நின்று அழுகுவதே இங்கு வழக்கம்.

மண்ணுக்கு மலைப்பக்கத்தைச் சுரண்டாதீர்கள். வீட்டு வாய்க்காலில் சேர்ந்திருக்கும் வண்டலை அள்ளுங்கள். வாய்க்காலும் சுத்தமாகும், பைக்கும் நல்ல மண் கிடைக்கும். அந்த மண் இரண்டு பங்கு, மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. கோழி எருவானால் பழையதாக இருக்க வேண்டும், புதிதானால் சூட்டில் முளை கருகும்.

விதைக் கிழங்கு பெட்டி நெருப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய துண்டாக, இரண்டு மூன்று கண்களுடன் இருக்கட்டும். அழுத்திப் பார்த்தால் மெத்தென்று இறங்குவதையும், வெட்டினால் உள்ளே கறுத்த வளையம் தெரிவதையும் ஒதுக்குங்கள். வெட்டிய துண்டை உடனே புதைக்காமல், வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டு வையுங்கள். ஒரு பைக்கு மூன்று துண்டு போதும். கண் மேலே பார்க்க, மூன்று விரல் ஆழத்தில் வைத்து மூடி, மேலே கிளிரிசிடியா இலையைப் பரப்புங்கள். இஞ்சி இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். மஞ்சளுக்குப் பொறுமை வேண்டும், ஒரு மாதம் கூடப் போகலாம். அதற்கிடையில் பிள்ளைகள் தோண்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் கிழங்கு மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்போது, சுருட்டிய வாயை ஒரு மடிப்புப் பிரித்து மேலும் மண்ணும் எருவும் போடுங்கள். இதனால்தான் பையைத் தொடக்கத்திலேயே நிரப்ப வேண்டாம் என்கிறோம். அந்த மடிப்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும். வாரத்துக்கு ஒருமுறை தட்டி விடுங்கள்.

எங்கே வைப்பது

இரண்டு கல்லின் மேல், வீட்டின் முன்பக்கத்தில். சரிவின் விளிம்பிலோ, தாங்குமதிலின் மேலோ, வாய்க்காலுக்குள்ளோ வைக்க வேண்டாம். ஈரமண் நிரம்பிய பத்துப் பை எவ்வளவு பாரம் என்பது தூக்கியவருக்குத் தெரியும். கூரைத் தண்ணீர் நேரே விழும் இடமும் கூடாது. பாதி நாள் நிழல் விழுந்தாலும் மஞ்சள் கோபிக்காது.

ஒன்றை மட்டும் நடமுடியும் என்றால் மஞ்சளையே தெரிவு செய்யுங்கள். இஞ்சியின் விலை நல்லதுதான், ஆனால் அழுகல் நோய் ஒரு பையில் தொடங்கினால் பக்கத்துப் பைக்கும் போகும். மஞ்சளித்துச் சாயும் இஞ்சியை மண்ணோடு தூரக் கொண்டுபோய் அப்புறப்படுத்துங்கள். இஞ்சி நட்ட மண்ணில் அடுத்த வருடமும் இஞ்சி வேண்டாம். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டபின், கடையில் மஞ்சள் தூள் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறியதும், மாவைக் கலந்து விற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஐந்து கிலோ பச்சை மஞ்சளை அவித்துக் காயவைத்தால் ஒரு கிலோ அளவு மிஞ்சும். நாலைந்து பையால் பணக்காரர் ஆக முடியாது. கறிக்கு வாங்கும் செலவு குறையும், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. கார்த்திகைக் கிழங்கை, சிங்களத்தில் நியங்கலா என்பதை, இந்தப் பைகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பூ அழகு, கிழங்கு கடும் விஷம். உணவுக் கிழங்கென்று தவறாகச் சமைத்து உயிர்கள் போயிருக்கின்றன. முன்வாசலுக்குப் பூ வேண்டுமானால் மழை லில்லியின் சிறு குமிழ்களைப் பழைய பெயின்ற் வாளியில் பத்துப் பன்னிரண்டாக ஊன்றுங்கள். வெயில் காய்ந்து ஒரு மழை பெய்தால் சில நாளில் பூக்கும்.

மழை கூடும்போது

24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. இது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். பையை உள்ளே இழுத்து வைக்க நிற்காதீர்கள். சந்தேகமானால் 117க்கு அழையுங்கள். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், திரும்பி வந்து பார்க்கலாம்.

சித்திரைக்கு முன் நட்டால் தைப்பொங்கலுக்கு ஒன்பது மாதம் நிறையும். பொங்கலன்று பானையில் கட்ட ஒரு கொத்தை இலையோடு பிடுங்குங்கள். மற்றவற்றை இலை முழுக்கக் காய்ந்தபின், தை வெயிலில் அவித்துக் காயவைக்க வசதியான நாளில் எடுங்கள். அவிப்பதற்கு முன்பே, காயமில்லாத கொழுத்த கிழங்குகளில் ஆறில் ஒரு பங்கை விதைக்கு ஒதுக்குங்கள். பொலித்தீன் பையில் கட்டாமல், காய்ந்த மணலில் அடுக்கி, அறை மூலையில் நிழலில் வையுங்கள். பங்குனியில் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் இரண்டு துண்டு இருக்கும்.