கவடியார் மைதானத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள கோல்ஃப் மைதானத்துக்கு ஒன்பது குழிகள்தான். இடம் ஏறத்தாழ 25 ஏக்கர். பதினெட்டுக் குழி மைதானம் என்றால் சாதாரணமாக 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். திருவிதாங்கூர் மன்னர்கள் காலத்து இடம் இது. நாட்டின் பழைய கோல்ஃப் மைதானங்களில் ஒன்று. சின்ன மைதானம்தானே என்று இளக்காரமாக வந்து, முதல் நாளே மனம் விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. டிரைவர் மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விதிப்படி 14 மட்டைகள் வரை கொண்டுவரலாம், அதற்காகப் பதினான்கும் வாங்க வேண்டாம். ஏழாம் நம்பர் அயர்ன், ஒன்பதாம் நம்பர், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர். முதல் ஒரு வருஷத்துக்கு இது தாராளம். இங்கே தூரமாக அடிப்பவன் ஜெயிப்பதில்லை, நினைத்த இடத்தில் பந்தை நிறுத்துகிறவன்தான் ஜெயிக்கிறான்.

2. பிடியை இறுக்காதீர்கள். தீபாராதனை நேரத்தில் மணியாட்டும் போற்றியின் கையைப் பாருங்கள். மணி கைநழுவாது, ஆனால் மணிக்கட்டு இறுகியும் இருக்காது. மட்டையையும் அப்படிப் பிடிக்க வேண்டும்.

3. பட்டிங்கை இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள், மக்களே. பதினெட்டுக் குழிக்குப் பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு எதிர்பார்க்கும் அடிக்கணக்கு, 72 என்று வைக்கும்போது அதில் 36 அடிகளை, அதாவது சரிபாதியை, குழியைச் சுற்றியுள்ள க்ரீனில் உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து 43 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டுத் தரையில் எவர்சில்வர் டம்ளரைச் சாய்த்து வைத்து, ஆறடி தூரத்திலிருந்து தினமும் ஐம்பது முறை உருட்டுங்கள். காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வந்தால் ஒரு நல்ல வாத்தியார் கிடைப்பார்: பனிநீர். பந்து உருண்ட தடம் புல்லின் மேல் கோடாகத் தெரியும். குனிந்து பாருங்கள். எங்கே நேராக ஓடியது, வேகம் தளர்ந்ததும் எந்தப் பக்கம் வளைந்தது என்று அந்தக் கோடே சொல்லிவிடும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு அதே இடத்தில் பந்து வேகமாக ஓடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

4. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் பந்து தரையில் புதையும். அப்படிப் புதைந்தால் தண்டனை அடி இல்லாமல் எடுத்துத் துடைத்து, பக்கத்தில் முழங்கால் உயரத்திலிருந்து விடலாம். மழைநீர் தேங்கிய இடத்துக்கும் விலக்கு உண்டு. இது தெரியாமல் சேற்றோடு மல்லுக்கட்டி மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்ளாதீர்கள்.

5. துலாவர்ஷ மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு மட்டையைத் தொடாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரை வெயில் மாதங்களிலும் இந்த ஊரில் மாலை இடி பொல்லாதது. ஒரு ஐப்பசி மாலையில், இன்னும் ஒரு குழிதானே என்று நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் இருந்த தென்னையின் உச்சி பளீரென்று பற்றிக்கொண்டது. மழை கொட்டக் கொட்ட அது எரிந்தது. வெட்டவெளியில் உலோகக் கம்பியை ஓங்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முதல் இடி கேட்டதுமே கிளம்புங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள் போங்கள், இல்லாவிட்டால் கதவடைத்த காருக்குள். ஸ்கோர் எப்படி இருந்தாலும் போகட்டும்.

6. பந்து ஆள் இருக்கும் பக்கம் திரும்பினால் "ஃபோர்!" என்று தொண்டை கிழியக் கத்துங்கள். சின்ன மைதானத்தில் ஒரு குழியின் பாதை அடுத்ததை ஒட்டியே ஓடுகிறது. பந்தின் எடை 46 கிராமுக்குள்தான், ஆனால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தால் அண்ணாந்து பார்க்காமல் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

7. தொலைந்த பந்தைத் தேட 3 நிமிஷம்தான். 2019-க்கு முன்பு ஐந்தாக இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றால் அவர்களுக்கு வழி விடுங்கள்.

8. மட்டைப் பையைச் சுமந்து வரும் கேடியை "சேட்டா" என்று கூப்பிடுங்கள், சொடக்குப் போடாதீர்கள். உங்களைவிட அவருக்கு இந்தப் புல் தெரியும். 2009-இல் இந்தியன் ஓபன் பட்டம் வென்ற முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்து மேலே வந்தவர். 2016, 2017 இரண்டு வருஷமும் அதே பட்டத்தை வென்ற சௌரசியாவின் தகப்பனார் கொல்கத்தாவில் மைதானப் புல்லைப் பராமரித்தவர்.

9. பெயர்த்த புல்லை எடுத்து வந்து, அதே பள்ளத்தில் வைத்து, காலால் அழுத்திவிட்டுப் போங்கள். க்ரீனில் பந்து விழுந்த குழிவை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிச் சமப்படுத்துங்கள். அரை நிமிஷ வேலை.

ஒன்பதும் முடிந்த பிறகு தெம்பும் வெளிச்சமும் இருந்தால், முதல் குழிக்கே திரும்பி வந்து இன்னொரு சுற்று ஆடுங்கள். இங்கே பதினெட்டு என்றால் அதுதான்.