விராலுக்கு இரை வீட்டுத் தொட்டியில்

காவிரியில் விரால் பிடிக்க உயிர் இரை வேண்டும். வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டியிருக்கிறேன். என்ன மீன் விடலாம்?
— வாசகர், மோகனூர்

ஜிலேபிக் கெண்டைதான்! 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன். நாலைந்து ஜோடி விட்டால் போதும். அப்புறம் குஞ்சுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரித்துவிடும்.

புதுத் தொட்டி என்பதால் அவசரப்படாதீர்கள். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். சிமெண்ட் காரம் இருந்தால் மீன் மறுநாளே மிதக்கும். தீனிக்குத் தவிடும் கடலைப்புண்ணாக்கும் சரிபாதி. நாமக்கல் பக்கம் கோழி எருவுக்கா பஞ்சம்? கொஞ்சம் சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் பச்சை பிடிக்கும், குஞ்சுகள் அதைத் தின்றே வளரும். சித்திரை வெயிலுக்குப் பாதித் தொட்டிக்குத் தென்னங்கீற்று.

விரல் நீளம் வந்ததும் தூண்டிலுக்கு எடுத்துவிடுங்கள். பெரிதானவை குஞ்சுகளைத் தின்னும். அவற்றைக் குழம்புச் சட்டிக்கு அனுப்புங்கள்.