மாட்டிலிருந்து காட்டுமாட்டுக்கு

கேள்வி: ஊர் மாடுகளின் நோய் காட்டுமாடுகளைத் தாக்குமா? காட்டுமாடுகள் இடம்பெயர்வதால் நோய் பரவுமா? (வாசகர், கொள்ளேகால்)

பதில்: தாக்கும்; இரண்டும் ஒரே மாட்டுப் பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால், கிருமிக்கு அவற்றிடையே வேலி இல்லை. 1968-இல் பண்டிப்பூர், முதுமலைக் காடுகளில் பரவிய வெக்கை நோய், அதாவது கடும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டு மாடுகளை மாய்க்கும் வைரஸ் நோய், காட்டுமாட்டுக் கூட்டங்களைப் பெருமளவு அழித்தது. காட்டுக்குள் ஊசி போட வழியில்லாத நிலையில், நாட்டு மாடுகளுக்குப் பல்லாண்டுகள் விடாமல் போட்ட தடுப்பூசியே காட்டையும் காத்தது என்பது கால்நடை மருத்துவத்தின் பெருஞ்சாதனை. 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

கொள்ளேகாலை அடுத்த பிலிகிரிரங்கன் மலையிலும் மாதேஸ்வரன் மலையிலும் வாழும் காட்டுமாடுகள் நெடுந்தொலைவு வலசை போவதில்லை; கோடை மழைக்குப் பின் இளம்புல் துளிர்க்கும் இலையுதிர் காடுகளிலும், வறட்சியில் நீர் வற்றாத பள்ளத்தாக்குகளிலும் மேய்கின்றன. வறட்சிக் காலத்தில் ஊர் மாடுகளும் அதே நீர்க்குட்டைகளை நாடும்போது, குளம்பிடுக்கிலும் நாக்கிலும் கொப்புளம் கண்ட மாட்டின் எச்சில் சேற்றில் கலந்து கோமாரி பரவக்கூடும். உண்ணிச்செடி என்னும் புதர் புல்வெளியை மூடிவிட்டதால் மேய்ச்சல் சுருங்கி இந்த நெருக்கம் கூடுகிறது. ஆகவே காட்டோரக் கிராமங்களில் மழைக்கு முன்பே கோமாரி, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) தடுப்பூசிகளை முழுமையாகப் போடுவதும், நோய் கண்ட மாட்டைக் காட்டுக்கு ஓட்டாமல் தொழுவத்திலேயே கட்டிவைப்பதும் கட்டாயம்.