வண்டி பிழைப்பது வேறு, ஆள் பிழைப்பது வேறு
(நம்பிக்கைகளும் உண்மைகளும்: பிக்கப் வண்டிகள்)

2003-இல் பிபிசியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை ஒழித்துக்கட்டப் பார்த்தார்கள். கடலோரத்தில் கட்டிப்போட்டு ஏற்றத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். மேலே ஒரு கேரவனைப் போட்டார்கள், கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டால் அடித்தார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் இடிக்கப்படவிருந்த அடுக்குமாடியின் உச்சியில் ஏற்றிவிட்டு, கட்டடத்தோடு சேர்த்துத் தரைமட்டமாக்கினார்கள். மெக்கானிக் கொஞ்சம் கைவைத்ததும் எஞ்சின் மறுபடி உறுமியது. பிக்கப் வண்டிகளைப் பற்றிய ஒரு நம்பிக்கைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது: சேசிஸ் கெட்டி, எதில் மோதினாலும் தாங்கும், உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஹைலக்ஸா, ஐசுசு டி-மேக்ஸா, நிசான் நவாராவா, ஃபோர்டு ரேஞ்சரா என்று ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பலரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த நிகழ்ச்சியில் அவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கட்டடம் விழுந்தபோது வண்டிக்குள் ஆள் இல்லை. சோதிக்கப்பட்டது எஞ்சினின் ஆயுளும் சட்டத்தின் உறுதியும். ஓட்டுநரின் விலா எலும்பு அந்தக் கணக்கில் வரவே இல்லை.

மோதலில் மனிதரைக் கொல்வது வேகம் குறையும் விதம். மணிக்கு 64 கி.மீ. என்பது பல மோதல் சோதனைகளில் பயன்படும் வேகம். நொடிக்குச் சுமார் 17.8 மீட்டர். வண்டியின் முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி அந்த வேகத்தை விழுங்கினால், உடல் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 27 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். முன்பகுதி விறைப்பாக நின்று 30 செ.மீ. மட்டுமே நசுங்கினால் அது 54 மடங்கை எட்டும். ஆகவே நல்ல வண்டியில் முன்பகுதி நசுங்க வேண்டும், ஆள் உட்காரும் கூண்டு நசுங்கக் கூடாது. லேடர் பிரேம் என்கிற ஏணிச் சட்டம் இதற்காகப் பிறந்ததல்ல. ஒரு டன் சுமையைத் தாங்கவும், ஒரு சக்கரம் பள்ளத்திலும் மறுசக்கரம் பாறையிலும் இருக்கும்போது முறுக்கை ஏற்கவும் பிறந்தது. அதே சட்டத்தின் முன்முனையை அளவாக மடங்கும்படி வடிவமைக்க முடியும். இன்றைய நல்ல பிக்கப்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் அது தானாக வருவதில்லை. தயாரிப்பாளர் செலவழித்துச் சேர்க்க வேண்டிய ஒன்று.

செலவழித்ததற்கும் செலவழிக்காததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நிசானின் இரண்டு பிக்கப்களைப் பார்த்தால் போதும். ஆப்பிரிக்கச் சந்தையில் புதிதாக விற்றுக்கொண்டிருந்த என்பி300 ஹார்ட்பாடிக்கு 2018-இல், வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜியம் நட்சத்திரம் கொடுத்தது. ஏர்பேக் இல்லாத வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். முன்னால் இரண்டு ஏர்பேக் இருந்தன. கூண்டே நிலைகுலைந்த பிறகு ஏர்பேக் விரிந்து என்ன பயன்? பின்னர் 2019-இல் தயாரான ஒரு ஹார்ட்பாடியையும், ஐரோப்பாவில் ஓடிய 2015 மாடல் பழைய நவாரா ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். புது வண்டியின் ஓட்டுநர் இறந்திருக்கக்கூடும், பழைய வண்டியின் ஓட்டுநர் நடந்தே வெளியேறியிருப்பார் என்பது சோதனையாளர்களின் முடிவு. ஒரே நிறுவனம், இரண்டுமே பிக்கப், இரண்டிலும் ஏணிச் சட்டம். பெயரில் ‘ஹார்ட்’ என்று இருந்த வண்டிதான் தோற்றது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று எப்போதும் வரும்: கனமான வண்டியும் சிறிய காரும் மோதினால் காரில் இருப்பவருக்குத்தானே அடி? உண்மைதான், இயற்பியலை மறுக்க முடியாது. இரண்டு வண்டிகள் மோதும்போது கனமானதன் வேகமாற்றம் குறைவு, அதில் இருப்பவருக்கு அந்த அளவுக்கு லாபம். ஆனால் அந்த லாபம் எதிரே வருபவரின் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால்தான் 2020 முதல் ஐரோப்பிய, ஆஸ்திரேலியச் சோதனைகள் எதிர் வண்டிக்கு அதிகச் சேதம் விளைவிக்கும் வண்டிகளின் மதிப்பெண்ணைக் குறைக்கின்றன. அதோடு, புளியமரத்துக்கும் பாலத்தூணுக்கும் எடை வித்தியாசம் தெரியாது. வண்டி தனியாகப் புரளும் விபத்தில் எடை உதவாது, உயரம் கெடுக்கும்.

உயரம் என்றதும் அடுத்த நம்பிக்கைக்கு வந்துவிடுகிறோம்: உயரமாக உட்கார்ந்தால் பாதுகாப்பு. சாலை நன்றாகத் தெரியும் என்பது சரி. ஆனால் வண்டி புரளுமா என்பதை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எளிய கணக்கில் சொல்கிறது: இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் கார்களுக்கு இது 1.30 முதல் 1.50 வரை வரும். பிக்கப், எஸ்யூவி வகைகளுக்கு 1.00 முதல் 1.30 வரை. எண் குறையக் குறையப் புரளும் வாய்ப்பு கூடும். காட்டுப்பாதையில் கல் இடிக்காமல் போகத் தரும் அதே உயரம், நெடுஞ்சாலையில் திடீரென ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது எதிரியாகிறது. சுவீடனின் ‘டெக்னிகென்ஸ் வார்ல்ட்’ இதழ் நடத்தும் மூஸ் சோதனை இதைத்தான் பார்க்கிறது: சாலையின் குறுக்கே பெரிய மான் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, பிரேக் மிதிக்காமல் விலகி மறுபடி தடத்துக்குத் திரும்ப வேண்டும். 2016-இல் ஹைலக்ஸ் மணிக்கு 60 கி.மீ. அளவிலேயே இரண்டு சக்கரத்தில் எழும்பியது. 2007-இலும் இதே சோதனையில் ஹைலக்ஸ் தோற்றிருந்தது. இரும்புக் குண்டுக்கு அசையாத பெயர், ஒரு சின்ன வளைவில் தடுமாறியது. பிறகு டொயோட்டா வண்டியின் நிலைப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தியது. மறுசோதனையில் ஹைலக்ஸ் தேறியது. மாறியது இரும்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது, மழையில் பயமில்லை’ என்ற நம்பிக்கை இவற்றை எல்லாம்விட ஆபத்தானது என்பேன். நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி சேற்றிலிருந்து கிளம்பும். நிற்பதற்கு அது உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெரும்பாலான பிக்கப்களில் இருப்பது ‘பார்ட் டைம்’ முறை. முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைத்துவிடும். நடுவில் டிஃப்ரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட தூரம் உருள வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் பற்சக்கரங்கள் முறுக்கேறும். அதனால் சாலையில் அதை அணைத்துவைக்கத்தான் கையேடு சொல்கிறது. அப்படியானால் மழை நாளில் நெடுஞ்சாலையில் போவது எது? பின்சக்கரம் மட்டும் இழுக்கும், பின்தளம் காலியான, பின்பாரம் குறைந்த ஒரு வண்டி. ஈரச்சாலைத் திருப்பத்தில் வால் வீசுவதற்கு இதைவிட வசதியான அமைப்பு அரிது. மிட்சுபிஷி டிரைட்டனின் ‘சூப்பர் செலக்ட்’ போன்ற சிலவற்றில் நடு டிஃப்ரன்ஷியல் உண்டு. அவற்றைத் தார்ச்சாலையிலும் நான்கு சக்கரத்தில் ஓட்டலாம். ஒப்பிடுகிறவர்கள் குதிரைத்திறனைப் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வால் வீசுவதை உண்மையில் தடுப்பது நிலைப்புக் கட்டுப்பாடு. வண்டி ஓட்டுநர் நினைத்த திசையை விட்டு விலகுவதை உணர்ந்து தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் போடும் இந்தக் கருவி, தனி வண்டி விபத்துகளில் உயிரிழப்பைப் பாதியளவுக்குக் குறைப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டின. அங்கே 2012 மாடல் முதல் இலகு ரக வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயம்.

சரி, காட்டுப்பாதைத் திறமையாவது தோற்றத்தை வைத்துச் சொல்லக்கூடியதா? அதுவும் இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ் மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருப்பதால் அதை மட்டும் ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காத கோணம், இறங்கும்போது வால் இடிக்காத கோணம், முகட்டில் வயிறு தட்டாத கோணம் ஆகிய மூன்றும் சேர்ந்தே கணக்கு. பிக்கப்பின் நீண்ட உடலும் பின்னே நீளும் தளமும் கடைசி இரண்டையும் கெடுக்கின்றன. அதைவிட முக்கியம், ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும் கணம். சாதாரண டிஃப்ரன்ஷியல் எதிர்ப்பில்லாத சக்கரத்தைச் சுழலவிடும், தரையில் ஊன்றிய சக்கரம் சும்மா நிற்கும். டிஃப்ரன்ஷியல் லாக் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். ஐசுசு டி-மேக்ஸின் முந்தைய தலைமுறைக்கு இந்தப் பூட்டு தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை. அடுத்த தலைமுறையில்தான் வந்தது. ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானில் முன், பின் இரண்டிலும் பூட்டு உண்டு. அதோடு முன்பக்க ஸ்வே பாரை ஒரு பொத்தானில் கழற்றிவிடலாம். சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆழமாக அசைந்து பாறையைப் பற்றும். மணிக்குச் சுமார் 29 கி.மீ.யைத் தாண்டினால் அது தானாகவே மறுபடி இணைந்துகொள்ளும். ஏனென்றால் அந்தக் கம்பி இல்லாமல் சாலையில் திரும்பினால் வண்டி சாயும். காடு கேட்பதும் சாலை கேட்பதும் எதிரெதிர் என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொள்ளும் உறுப்பு வேறில்லை.

நட்சத்திரங்களுக்கு வருவோம். ‘ஐந்து நட்சத்திர வண்டி’ என்பது அரைகுறை வாக்கியம். எந்த ஆண்டின் விதிப்படி, எந்த ரகத்துக்கு, எந்த இருக்கைக்கு என்று சேர்த்தால்தான் பொருள் நிறைவுறும். 2016-இல் யூரோ என்கேப் ஹைலக்ஸுக்கு அடிப்படை வடிவில் 3 நட்சத்திரமும், கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் சேர்த்த வடிவில் 5 நட்சத்திரமும் கொடுத்தது. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றே. 2020-இல் ஆஸ்திரேலியாவின் அன்கேப், அந்த ஆண்டின் கடுமையான விதிகளில் 5 நட்சத்திரம் பெற்ற முதல் பிக்கப்பாக டி-மேக்ஸை அறிவித்தது. அது புதிய தலைமுறை; முன்னிருக்கைகளுக்கு நடுவிலும் ஏர்பேக் கொண்டது. இந்தியாவில், சென்னைக்கு அருகே ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகி வி-கிராஸ் என்ற பெயரில் நெடுங்காலம் விற்றதோ அதற்கு முந்தைய தலைமுறை. வெளிநாட்டு நட்சத்திரத்தைக் காட்டி உள்ளூரில் விற்க வருபவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும். இருக்கை விஷயம் இன்னும் சங்கடமானது. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் நிறுவனம் 2023-இல் ஐந்து சிறிய பிக்கப்களின் பின்னிருக்கையைச் சோதித்தது. நிசான் ஃபிரான்டியர் ‘சுமார்’ என்ற படியைப் பெற்றது. ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரலே கொலராடோ, ஜீப் கிளாடியேட்டர், டொயோட்டா டகோமா நான்கும் ‘மோசம்’. ஃபிரான்டியர்தான் அந்தப் பந்தியில் முதலில் நின்றது, அதுவும் தேறாமலேயே. குடும்பத்தோடு போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. பிள்ளைகள் உட்காருவது பின்னால்தான்.

‘சோதனைக்கூடத்துக்காக வண்டியைத் தயார் செய்கிறார்கள், நம் சாலைக்கு அது பொருந்தாது’ என்பார்கள். பாதி உண்மை. நிறுவனங்கள் கேள்வித்தாள் பார்த்துப் படிக்கும் மாணவர்கள்தான்; பின்னிருக்கை முடிவே அதற்குச் சாட்சி, அந்தக் கேள்வி அதுவரை கேட்கப்படவில்லை. ஆனால் 2008-இல் நடந்ததையும் பார்க்க வேண்டும். யூரோ என்கேப்பில் நிசான் நவாராவுக்கு ஒற்றை நட்சத்திரம், அதுவும் குறுக்கே அடித்த நட்சத்திரம். ஏர்பேக் தாமதமாக விரிந்தது காரணம். நிசான் மென்பொருளைத் திருத்தியது, மறுசோதனையில் 3 நட்சத்திரம் கிடைத்தது; ஏற்கெனவே வண்டி வாங்கியவர்களுக்கும் அந்தத் திருத்தம் போய்ச் சேர்ந்தது. சோதனைக்காகச் செய்ததுதான். உயிர் காப்பது யாருக்காகச் செய்தது என்று பார்ப்பதில்லை.

வாங்கிய பிறகு நம்மவர்கள் சேர்க்கும் அலங்காரங்களும் இந்தக் கணக்கைக் கலைக்கின்றன. முன்னால் பூட்டும் இரும்புக் கிராஷ் கார்டு, நசுங்க வேண்டிய பகுதியை நசுங்க விடாது, ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். இந்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. லிஃப்ட் கிட் போட்டு உயர்த்துவது மேலே சொன்ன புரளும் கணக்கை நேரடியாக மோசமாக்கும். ஆழமான கட்டைகள் கொண்ட சேற்று டயர் சேற்றுக்குத்தான். ஈரமான தார்ச்சாலையில் பிரேக் தூரம் கூடும். பின்தளத்தில் ஆட்களை ஏற்றிப் போவதைப் பற்றி எந்த நட்சத்திரமும் பேசாது, அங்கே சோதனைப் பொம்மையை யாரும் உட்கார வைப்பதே இல்லை.

2023 அக்டோபரில் தொடங்கிய இந்தியாவின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப், பயணிகளை ஏற்றும் எம்1 வகை வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். சரக்கு வகையில் பதிவாகும் பிக்கப்கள் அதில் இல்லை. ஆகவே ஷோரூமுக்குப் போகிறவர் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில: இந்த ரகத்தில் நிலைப்புக் கட்டுப்பாடு உண்டா, ஏர்பேக் எத்தனை, பின்னிருக்கையில் நடுவில் இருப்பவருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, நீங்கள் காட்டும் நட்சத்திரம் எந்த நாட்டின் எந்த ஆண்டு மாடலுக்கு. பதிலை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். அந்த ரகத்தின் அச்சிட்ட விவரத்தாளைக் கேட்டு வாங்கி, அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.